ஸ்கூபி டூ முதல் சீசனை இப்போது திரும்பப் பார்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஸ்கூபி டூவைப் பற்றிப் பேசுகிறோம்?

ஸ்கூபி டூ என்ற பெயரில் எத்தனையோ தொடர்கள் வந்துவிட்டன, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடலாம். இங்கே பேசுவது முதன்முதலில் வந்த 'ஸ்கூபி டூ, வேர் ஆர் யூ!' பற்றி. ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் என்ற இரண்டு எழுத்தாளர்கள் உருவாக்கி, ஹன்னா-பார்பரா நிறுவனம் தயாரித்து, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1969 செப்டம்பர் 13, சனிக்கிழமை காலை ஆரம்பித்த தொடர். முதல் சீசனில் 17 எபிசோட், 1970 ஜனவரி 17-ல் முடிந்தது. அதே வருஷம் செப்டம்பர், அக்டோபரில் இன்னும் 8 எபிசோட் இரண்டாவது சீசனாக வந்தன. நம்மில் பலர் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்தது இந்த 25-ஐயும் பின்னால் வந்தவற்றையும் கலந்துகட்டித்தான். இங்கே பெரும்பாலும் முதல் சீசன்தான், ஆனால் இரண்டாவது சீசனிலிருந்து இரண்டு எபிசோட்களை இழுக்காமல் இந்த விஷயத்தைப் பேசி முடிக்க முடியாது.

பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: ஃப்ரெட், டாஃப்னி, வெல்மா, ஷாகி என்று நான்கு பேர், ஸ்கூபி என்ற பெரிய கிரேட் டேன் நாய், மிஸ்டரி மெஷின் என்று எழுதிய ஒரு வேன். போகிற இடத்திலெல்லாம் ஒரு பேய் வரும், துரத்தும், கடைசியில் அதைப் பிடித்து முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஏதோ ஒரு திருட்டுக்காக வேஷம் போட்ட ஆள் இருப்பார்.

இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கும்போது நன்றாக இருக்கிறதா?

இருக்கிறது, ரொம்பவே நன்றாக இருக்கிறது. அனிமேஷன் சிக்கனமானதுதான், ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள், கதவுகளும் ஜன்னல்களும் ஒரே வரிசையில் கடந்துபோகும். ஆனால் பின்னணி ஓவியங்களைப் பாருங்கள். வால்ட் பெரிகாய் என்ற ஓவியர், டிஸ்னியின் நூற்றியொரு டால்மேஷன் படத்துக்கு வண்ணம் அமைத்தவர், இங்கே வந்து பாழடைந்த மாளிகைகளையும் சதுப்பு நிலங்களையும் ஊதாவும் பச்சையுமாக வரைந்து வைத்திருக்கிறார். அந்த இருட்டு நிறம் இன்றைக்கும் வேலை செய்கிறது. சின்னப் பிள்ளைகள் போர்வைக்குள் ஒளிந்துகொண்டே பார்க்கிற மாதிரியான பயம், ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்காத பயம். டான் மெசிக்கின் ஸ்கூபி குரலும் கேசி கேசம் கொடுத்த ஷாகி குரலும் சேர்ந்து வரும் இடங்களை நான் இப்போதும் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தொடரைப் பிடிக்காதவர் அதன் குறைகளைச் சொல்வதும், அதை நேசிக்கிறவர் சொல்வதும் ஒன்றல்ல. நான் இரண்டாவது ரகம்.

எந்தெந்த எபிசோட்கள் இப்போது உறுத்துகின்றன?

வரிசையாகப் போகலாம்.

முதல் சீசனின் ஐந்தாவது எபிசோட், 1969 அக்டோபர் 11-ல் வந்தது. பரிசு வாங்கிய விலை உயர்ந்த நாய்களை யாரோ கடத்துகிறார்கள், திருடனைப் பிடிக்க ஸ்கூபியையே தூண்டிலாக வைக்கிறார்கள். துரத்திக்கொண்டு போய்ச் சேரும் இடம் அமெரிக்கப் பூர்வகுடிகளின் பாழடைந்த குடியிருப்பு. அங்கே வருகிற பேய் ஒரு பூர்வகுடி மந்திரவாதி. எந்த இனக்குழு, எந்த மொழி, அவர்கள் ஏன் இப்போது அங்கே இல்லை, எதுவும் கிடையாது. காலியான ஊர், அதில் ஒரு பயங்கர முகம், அவ்வளவுதான்.

பதினோராவது எபிசோடில் கோட்டை வாசலில் ஒரு ஜிப்சி குறிசொல்லி வந்து எச்சரிக்கிறாள். ஜிப்சி என்று அழைக்கப்படும் ரோமா மக்கள் என்றாலே குறி, சாபம் என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் நூற்றாண்டுகளாக வைத்திருந்த பழக்கம் இங்கேயும் அப்படியே வந்துவிட்டது. சின்னக் காட்சிதான், கடந்துபோய்விடும்.

பன்னிரண்டாவதில் எகிப்திய மம்மி. அங்கா என்ற அரசனின் மம்மி உயிர்பெற்று அருங்காட்சியகத்தில் நடமாடுகிறது. கடைசியில் துணியை அவிழ்த்தால் டாக்டர் நஜீப். அந்தக் கதையில் அரபுப் பெயரோடு வருகிற படித்த மனிதர் அவர் ஒருவர்தான், குற்றவாளியும் அவரேதான்.

சீசனின் கடைசி எபிசோட், பனிப்பேய் கதை. குளிர்கால விடுமுறைக்காக மலையில் ஒரு விடுதிக்குப் போகிறார்கள். அங்கே ஃபூ லான் சீ என்ற ஒரு முதியவரைச் சந்திக்கிறார்கள். இமயமலையில் எட்டி என்ற பனிமனிதன் ஒன்று தன்னைத் துரத்தியது, பனிப்பிளவில் விழுந்து செத்தது, அதன் ஆவி தன்னைத் தொடர்ந்து இங்கேயும் வந்துவிட்டது என்று அவர் சொல்கிறார். திபெத்தியர் என்று காட்டுகிறார்கள், பெயரை மட்டும் சீனப் பெயர் மாதிரி ஒலிக்கிற ஏதோ ஒன்றாக வைத்திருக்கிறார்கள். பயம், மர்மம், மெதுவான பேச்சு, இவ்வளவுக்காகத்தான் அவர் கதையில் இருக்கிறார். அவர் எப்படி அமெரிக்க மலைக்கு வந்தார், ஏன் வந்தார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. 1959-ல் தலாய் லாமா லாசாவை விட்டு வெளியேறி, திபெத்தியர்கள் ஆயிரக்கணக்கில் அகதிகளாகி, அப்போது பத்து வருஷம்தான் ஆகியிருந்தது.

இரண்டாவது சீசனுக்கு வந்தால், டாஃப்னி ஒரு பழைய முகமூடியை வாங்கி, அதனால் சென் டுவோ என்ற சீனப் பேய் துரத்தும் சைனாடவுன் கதை. அப்புறம் ஹவாயில் நடக்கும் டிக்கி கதை, டிக்கி என்றால் தீவு மக்களின் சாமிச் சிலை. இந்த இரண்டும் மொத்த 25-ல் மிக மோசமானவை என்பது என் கருத்து. ஒரு எபிசோடில் ஒரு பாத்திரம் அப்படி இருப்பது வேறு, ஒரு ஊரையே, ஒரு தீவையே பேய்வீட்டு செட் மாதிரி பயன்படுத்துவது வேறு.

கடைசியில் முகமூடிதான் கழன்றுவிடுகிறதே? பேய் பொய் என்று தொடரே சொல்கிறதே, அப்புறம் என்ன பிரச்சினை?

எனக்கு அடிக்கடி வருகிற கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. ஸ்கூபி டூவின் பெருமையே அதுதான்: பேய் இல்லை, பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான், அவனுக்குப் பணம் வேண்டும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விஷயம் சொல்ல முடியாது.

ஆனால் ஹவாய்க் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விடுமுறைக்கு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறவர் சிம்ஸ் என்பவர், வெள்ளைக்காரர். விருந்து நடக்கிற இடத்தில் மந்திரவாதிப் பேய் வருகிறது, சிம்ஸ் காணாமல் போகிறார், மானோ டிக்கி டியா என்ற பெரிய சிலை நடந்து வருகிறது. முடிவில் மந்திரவாதியின் முகமூடியைக் கழற்றினால் அதே சிம்ஸ். உள்ளூர்க்காரர்களைப் பயமுறுத்தி விரட்டிவிட்டு முத்து எடுப்பதுதான் திட்டம்.

இங்கே நடந்தது என்ன? வெளியிலிருந்து வந்த ஒருவன் அந்தத் தீவு மக்களின் சாமியை வேஷமாகப் போட்டு, அந்த மக்களையே விரட்டி, அவர்கள் கடலில் இருப்பதைத் திருடப் பார்த்தான். ஹவாயின் உண்மையான வரலாறே கிட்டத்தட்ட இதுதான். 1893-ல் அமெரிக்க வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து ராணி லிலியுஒகலானியை இறக்கினார்கள், 1896-ல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது, 1898-ல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. கார்ட்டூன் எழுதியவர்கள் தெரியாமலேயே அந்த வரலாற்றின் மேல் கை வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டு, சிம்ஸைப் பிடித்ததும் கதையை முடித்துக்கொண்டார்கள். அந்தச் சிலை யாருடைய சாமி, அதை நிஜமாகக் கும்பிட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள், அவர்கள் பயமுறுத்துகிறவர்களா இல்லையா, ஒரு வார்த்தை வரவில்லை.

எனக்கு உறுத்துவது அதுதான். முகமூடி கழன்றதும் பேய் பொய் என்று தெரிகிறது, ஆனால் அந்த முகமூடி எந்த மக்களுடையதோ அவர்களைப் பற்றிய பொய் கழலவில்லை. நாய் திருடியது ஒரு வெள்ளைக்காரன், சரி. பூர்வகுடி மந்திரவாதி என்றால் மனிதர்களைப் பயமுறுத்துகிற ஆள் என்ற எண்ணம் பார்க்கிற குழந்தையின் மனதில் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் அந்த எண்ணம் ஏற்கனவே இருந்தால்தான் வேஷம் பலிக்கும். கணக்கு வாத்தியார் வேஷத்தில் வந்து யாரும் ஒரு தீவைக் காலி செய்ய முடியாது.

என் அக்கா மகளோடு இந்த எபிசோடைப் பார்த்தபோது அவள் கேட்டது, "அது சிம்ஸ்னு தெரிஞ்சிடுச்சு மாமா, ஆனா அந்த ஊர் சாமி நிஜமாவே அவ்ளோ கோவமா இருக்குமா?" அவள் வயதில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

அந்தக் காலம் அப்படித்தானே? 1969-ல் யாருக்கு இதெல்லாம் தெரியும்?

நிறையப் பேருக்குத் தெரிந்திருந்தது. இந்த வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன்.

பூர்வகுடி மந்திரவாதி எபிசோட் ஒளிபரப்பானது 1969 அக்டோபர் 11. அதே வருஷம் நவம்பர் 20-ம் தேதி, ஆறு வாரம்கூட ஆகவில்லை, பல இனக்குழுக்களைச் சேர்ந்த பூர்வகுடி இளைஞர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் அல்கட்ராஸ் தீவில் போய் இறங்கி, இது எங்கள் நிலம் என்று அறிவித்து, 1971 ஜூன் வரை, 19 மாதம் அங்கேயே இருந்தார்கள். செய்தித்தாள், தொலைக்காட்சி எல்லாவற்றிலும் வந்த செய்தி. பாழடைந்த குடியிருப்பில் பேயாக மட்டும் காட்டப்பட்ட மக்கள், நிஜத்தில் உயிரோடு வந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சடங்குகளைச் சட்டப்படி பாதுகாக்கிற மதச் சுதந்திரச் சட்டம் 1978-ல்தான் வந்தது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். 1883-ல் கொண்டுவந்த விதிகளின்படி அவர்களுடைய நடனங்களுக்கும் சடங்குகளுக்கும் தண்டனையே இருந்தது.

அதே சான் ஃபிரான்சிஸ்கோவில் 1968 நவம்பரிலிருந்து 1969 மார்ச் வரை மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்து, கறுப்பின, ஆசிய, மெக்சிகோ வம்சாவளி மக்களின் வரலாற்றைக் கல்லூரியில் பாடமாக வைக்கக் கேட்டார்கள். ஃப்ரிட்டோ பண்டிட்டோ என்ற சிப்ஸ் விளம்பரக் கார்ட்டூன், மெக்சிகோக்காரர் என்றால் துப்பாக்கி வைத்த திருடன் என்று காட்டியது. மெக்சிகோ வம்சாவளியினர் தொடர்ந்து எதிர்த்ததால் 1971 வாக்கில் நிறுத்தப்பட்டது. அதாவது கார்ட்டூனில் ஒரு இனத்தைக் கேவலமாகக் காட்டினால் கேள்வி கேட்பது 1969-ல் புது விஷயமே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்கூபி டூ உருவானதே எதிர்ப்புக்குப் பயந்துதான். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி கொலைகளுக்கு அப்புறம் தொலைக்காட்சியில் வன்முறை பற்றிய கவலை உச்சத்துக்குப் போனது. பெக்கி சாரன் என்ற தாய் மாசசூசெட்ஸில் ஆரம்பித்த பெற்றோர் அமைப்பு, சனிக்கிழமை காலை வரும் சூப்பர்ஹீரோ கார்ட்டூன்களை எதிர்த்தது. அதனால் அடிதடி இல்லாத ஒன்றை சிபிஎஸ் தேடியது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஃப்ரெட் சில்வர்மன் முதலில் கொண்டுபோன வடிவம் குழந்தைகளுக்கு ரொம்பப் பயமாக இருக்கும் என்று மேலிடம் திருப்பி அனுப்பியது. பிறகு நாயை முன்னுக்குக் கொண்டுவந்து, நகைச்சுவையைக் கூட்டித்தான் அனுமதி வாங்கினார். ஃபிராங்க் சினாட்ரா ஒரு பாட்டின் கடைசியில் 'டூபி டூபி டூ' என்று முணுமுணுப்பதைக் கேட்டு நாய்க்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

ஆக, குழந்தை எதைப் பார்க்கிறது என்று அளந்து அளந்து எடுத்த தொடர் இது. துப்பாக்கியை அளந்தார்கள், ரத்தத்தை அளந்தார்கள், பயத்தை அளந்தார்கள். அடுத்த மனிதரை எப்படிக் காட்டுகிறோம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

உருவாக்கியவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள்தானா?

இல்லை. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான்.

ஸ்கூபியையும் மற்ற நால்வரையும் வடிவமைத்தவர் இவாவோ தகமோட்டோ, லாஸ் ஏஞ்சலிஸில் 1925-ல் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதலுக்கு அப்புறம் ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்ததே, அதில் அவரும் அவர் குடும்பமும் அடக்கம். கலிபோர்னியாவின் வறண்ட பள்ளத்தாக்கில் இருந்த மன்சனார் முகாமில், கூட அடைபட்டிருந்த ஓவியர்களிடம்தான் அவர் படம் வரையக் கற்றுக்கொண்டார். 1945-ல் டிஸ்னியில் சேர்ந்தார், 1961-ல் ஹன்னா-பார்பராவுக்கு வந்தார். கிரேட் டேன் நாய் வளர்க்கிற ஒரு சக ஊழியரிடம் நல்ல ஜாதி நாயின் லட்சணங்களை எல்லாம் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் தலைகீழாக வரைந்தார்: வளைந்த கால், சரிந்த முதுகு, முன்னால் தள்ளிய முகவாய். அப்படிப் பிறந்ததுதான் ஸ்கூபி.

முகத்தை வைத்து எதிரி என்று முத்திரை குத்தப்பட்டு முள்வேலிக்குள் இருந்த ஒருவர் வடிவம் கொடுத்த தொடரில், ஆசிய முகம் பயமுறுத்தும் முகமூடியாக வருகிறது. இதற்கு அவர்தான் காரணம் என்று சொல்லவே முடியாது. ஒரு ஆள் உள்ளே இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஷாகிக்குக் குரல் கொடுத்த கேசி கேசம், டெட்ராய்ட்டில், லெபனானின் ட்ரூஸ் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த அரபுப் பெற்றோருக்குப் பிறந்தவர். டாக்டர் நஜீப் குற்றவாளியாகிற எபிசோடிலும் ஷாகி அவர்தான். பதினாறு, பதினேழு வருஷம் கழித்து 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூனில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கார்பாம்பியா என்ற ஒரு கேலி அரபு நாட்டை வைத்து எழுதிய கதை அவர் கைக்கு வந்தது. கெட்ட அரபுகளுக்கு எதிராக ஒரு நல்ல அரபுகூட இதில் இல்லையா என்று கேட்டார், இல்லை என்றதும் வேலையை விட்டார். 1990-ல் ஊடகங்களில் அரபு மக்கள் இழிவுபடுத்தப்படுவதைப் பற்றி இதை வைத்தே கட்டுரையும் எழுதினார். பின்னாளில் ஷாகி சைவம் சாப்பிட்டால்தான் குரல் கொடுப்பேன் என்று நிபந்தனை போட்டு 2002-ல் திரும்பி வந்ததும் இதே மனிதர்தான். கார்ட்டூன்தானே என்று விடாமல், தன் குரல் எதற்குப் பயன்படுகிறது என்று கவனித்தவர்.

இந்தியர்களை எப்படிக் காட்டினார்கள்?

ஸ்கூபியில் குறிப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதே ஹன்னா-பார்பரா 1964-65-ல் 'ஜானி க்வெஸ்ட்' என்று 26 எபிசோட் எடுத்தது, அதில் ஹாட்ஜி என்று ஒரு சிறுவன். கல்கத்தாவில் கிடைத்த அனாதைப் பையன், விஞ்ஞானியான டாக்டர் க்வெஸ்டின் உயிரைக் காப்பாற்றியதால் அவர் குடும்பத்தில் சேர்கிறான். பெயர் ஹஜ் போனவரின் பட்டம் மாதிரி, தலையில் சீக்கியர் மாதிரி டர்பன், கையில் பாம்பாட்டி வித்தை, வாயில் 'சிம் சிம் சலபிம்'. அந்த மந்திரம் இந்தியாவில் எங்கும் கிடையாது, டான்டே என்ற டென்மார்க் வம்சாவளி மேடை மந்திரவாதி பிரபலப்படுத்தியது. ஒரு துணைக்கண்டத்தையே கலக்கி ஒரு பையன் தலையில் ஊற்றிவிட்டார்கள்.

ஆனாலும் ஹாட்ஜி புத்திசாலி, தைரியசாலி, ஜானிக்குச் சமமான அண்ணன் தம்பி மாதிரி. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு இந்தியப் பையனுக்கு இந்த இடம் கிடைத்தது சாதாரணம் இல்லை. நேசிக்கவும் முடிகிறது, சங்கடமாகவும் இருக்கிறது. டிக்கி கதையைப் பார்க்கிற ஒரு ஹவாய்க்காரருக்கு அந்த நேசிக்கும் பாதிகூட இல்லை என்பதை ஹாட்ஜியை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

கறுப்பின மக்கள்?

அவர்களைக் காணவே காணோம். முதல் 25 எபிசோட்களில் பேசும் பாத்திரமாக ஒரு கறுப்பினத்தவரும் என் கண்ணில் படவில்லை. 1970-ல் அதே நிறுவனம் எடுத்த 'ஜோசி அண்ட் தி புஸ்ஸிகேட்ஸ்' தொடரில் வலேரி வந்தாள், 1972-ல் ஸ்கூபியின் அடுத்த தொடரில் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து வீரர்கள் விருந்தினராக வந்தார்கள்.

இல்லாமல் இருப்பதும் ஒரு சித்திரிப்புதான். முதல் சீசனின் பதினாறாவது எபிசோட்: பொரிகார்ட் சாண்டர்ஸ் என்ற தென்மாநிலக் கர்னல் இறந்துபோகிறார், தன் உயிரைக் காப்பாற்றிய ஸ்கூபிக்கும் உயிலில் பங்கு வைத்திருக்கிறார், வாரிசுகள் அவர் மாளிகையில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். பேய்கள் எல்லாம் வந்து, வக்கீல்கள் பிடிபட்டு, பணப்பெட்டியைத் திறந்தால் எல்லாம் கூட்டமைப்பு நோட்டுகள். 1861-லிருந்து 1865 வரை அடிமை முறையைக் காப்பாற்ற சண்டை போட்டுத் தோற்ற தென்மாநில அரசு அச்சடித்தது, செல்லாத பணம். அது ஒரு நகைச்சுவை முடிவு, அவ்வளவுதான். அந்த மாதிரி மாளிகைகள் யார் உழைப்பில் எழுந்தன என்ற நினைப்பின் நிழல்கூட இல்லை. சீசனிலேயே மிக நன்றாக எழுதப்பட்ட மர்மக் கதை இது, நான் அடிக்கடி பார்க்கிறதும் இதுதான், ஆனால் அந்தப் பெட்டி திறக்கும்போது இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

டாஃப்னி, வெல்மா பற்றி?

டாஃப்னி ஆபத்தில் மாட்டுவதே வேலையாக வைத்திருக்கிறாள், ஃப்ரெட் ஆளாளுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று உத்தரவு போடுகிறான். துப்பு கண்டுபிடிப்பது பெரும்பாலும் வெல்மா. 1969-ல் ஒரு பெண் பாத்திரம் மூளையால் மதிக்கப்பட்டது பெரிய விஷயம், அதற்கு விலையாக அவளுக்கு அழகு கிடையாது என்று எழுதாமல் எழுதி வைத்ததுதான் குறை. பின்னால் வந்த தொடர்கள் இந்த இருவரையும் நன்றாகவே சரிசெய்துவிட்டன.

ஆசியர்களையே நாயகர்களாக வைத்து அந்த நிறுவனம் எதுவும் எடுக்கவில்லையா?

எடுத்தது. 1972-ல் 'தி அமேசிங் சான் அண்ட் தி சான் க்ளான்', 16 எபிசோட். துப்பறியும் சீனத் தந்தையும் அவருடைய பத்துப் பிள்ளைகளும். சார்லி சான் என்ற இந்தத் துப்பறிவாளர் பாத்திரத்தை அமெரிக்கத் திரையில் அதுவரை பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான் மையும் பசையும் பூசி நடித்து வந்தார்கள். இங்கே சீன வம்சாவளி நடிகர் ஒருவர், கீ லூக், அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். 1930-களின் படங்களில் சார்லி சானுக்கு மகனாக நடித்தவரே அவர்தான்.

பிள்ளைகளுக்கும் ஆசியச் சிறுவர் சிறுமியரையே முதலில் பேச வைத்தார்கள். அப்புறம் அவர்கள் உச்சரிப்பு அமெரிக்கக் குழந்தைகளுக்குப் புரியாது என்று பெரும்பாலான குரல்களை மாற்றிவிட்டார்கள். மாற்றுக் குரல்களில் ஒன்று சிறுமி ஜோடி ஃபாஸ்டருடையது. வெள்ளை நடிகர்கள் போலிச் சீன உச்சரிப்பில் பேசினால் புரியும், சீனக் குழந்தைகள் தங்கள் உச்சரிப்பில் பேசினால் புரியாது. இதை முதலில் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த எபிசோட்களை வெட்டிவிடலாமே, அல்லது நீக்கிவிடலாமே?

வேண்டாம். ஜானி க்வெஸ்ட் விஷயத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். தென் அமெரிக்கக் காட்டு மக்களைக் குரங்குகள் என்று திட்டும் ஒரு வசனம் அதில் உண்டு, 2004-ல் வந்த டிவிடியில் அதை எடுத்துவிட்டார்கள். வசனம் போனது, அந்த மக்களைக் காட்டிய விதம் எல்லாம் அப்படியே இருந்தது. மோசமான ஒன்றை அரைகுறையாகத் துடைத்தால் அது பார்க்கத்தக்கதாகத் தோன்றும், அதுதான் ஆபத்து. 2019-ல் வந்த புளூ-ரேயில் வெட்டாமல் கொடுத்தார்கள்.

ஸ்கூபியின் இன்றைய உரிமையாளரான வார்னர் நிறுவனம் தன்னுடைய பழைய லூனி டியூன்ஸ், டாம் அண்ட் ஜெர்ரி டிவிடிகளில் ஒரு குறிப்பு போட்டது: இந்தச் சித்திரிப்புகள் அன்றைக்கும் தவறு, இன்றைக்கும் தவறு, ஆனால் இவற்றை மறைத்தால் அந்தப் பாரபட்சமே இருந்ததில்லை என்று சொல்வதாகிவிடும். இதைவிட நேர்மையாக ஒரு நிறுவனம் எழுதி நான் பார்த்ததில்லை. குறிப்பாக "அன்றைக்கும் தவறு" என்ற பகுதி.

2023-ல் வந்த 'வெல்மா' இதையெல்லாம் சரிசெய்யத்தானே வந்தது?

நோக்கம் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வெல்மா இந்திய அமெரிக்கப் பெண், ஷாகி கறுப்பினத்தவன், டாஃப்னி கிழக்காசியப் பெண், ஸ்கூபியே கிடையாது. வெல்மாவுக்குக் குரல் மிண்டி கேலிங். அவருடைய முழுப் பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம், அப்பா தமிழர், அம்மா வங்காளி. நம் பெயர் ஒன்று ஸ்கூபி டூ வரலாற்றில் இருக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான்.

ஆனால் தொடர் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய தொடரின் மேல் அதற்குப் பிரியமே இல்லை, எல்லோரும் எல்லோரையும் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு சீசனோடு 2024-ல் நிறுத்திவிட்டார்கள். நிறத்தை மாற்றியதால் தோற்றது என்று சிலர் எழுதினார்கள், அது அபாண்டம். இந்தியப் பெண் வெல்மாவாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. பாசமில்லாமல் எழுதியதுதான் குறை.

குழந்தைகளுக்குக் காட்டலாமா?

தாராளமாக, ஆனால் கூட உட்கார்ந்து பாருங்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுக்க வேண்டாம், பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். முகமூடி கழன்ற பிறகு ஒரு கேள்வி கேளுங்கள், போதும்: இவன் ஏன் இந்த வேஷத்தைப் போட்டான்? வேறு வேஷம் போட்டிருந்தால் யாராவது பயந்திருப்பார்களா? ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளே இதற்கு அருமையாகப் பதில் சொல்வார்கள். அப்புறம் ஹவாய்க் கதை என்றால், நிஜமான ஹூலா ஆட்டத்தின் வீடியோ ஒன்றை அன்றைக்கே காட்டிவிடுங்கள். அந்த ஆட்டத்தையும் பாட்டையும் பார்த்த குழந்தைக்கு டிக்கி பேய் தானாகவே பொய்யாகத் தெரியும்.

ரொம்பச் சின்னப் பிள்ளைகள் என்றால் சைனாடவுன், ஹவாய் இரண்டையும் தள்ளி வையுங்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் வயது வந்ததும் காட்டலாம்.

எதில் ஆரம்பிப்பது?

முதல் எபிசோடிலேயே ஆரம்பியுங்கள், கறுப்புக் கவச வீரன் கதை, தொடரின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது. இரண்டாவதில் வரும் கேப்டன் கட்லர், கடற்பாசி தொங்கும் முக்குளிப்பு உடையில் கரையேறி வருவது இன்றைக்கும் சிலிர்க்கும். பதினைந்தாவதான விண்வெளிப் பேய் கதையின் அந்தச் சிரிப்புச் சத்தத்துக்காகவே பார்க்கலாம். கர்னலின் மாளிகை, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளோடு, மேலே சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு.

இரண்டாவது சீசனில் துரத்தும் காட்சிகளுக்குப் பாட்டு சேர்த்திருப்பார்கள், ஆஸ்டின் ராபர்ட்ஸ் பாடியவை, டாஃப்னியின் குரலும் ஸ்டெஃபானியானா கிறிஸ்டோஃபர்சனிடமிருந்து ஹெதர் நார்த்துக்கு மாறியிருக்கும். அதில் ஜெக்கில் ஹைட் கதையையும் க்ரீப்பர் கதையையும் விட்டுவிடாதீர்கள்.